நிலத்தின் அகத்தை அளந்த ரிச்சர்டு ஓல்டம்

ஆண்டுதோறும் நம் சங்க மலரில் புலவர், அரசர், தேசபக்தர், அருளாளர் ஆகியோருடைய வரலாறுகளைப் படித்து மகிழ்ந்து வருகின்றோம். இவ்வாண்டு விஞ்ஞானி ஒருவருடைய வாழ்க்கையை எழுத விழைந்தோம். அவர் தமிழர் அல்லர். பாரத நாட்டினரும் அல்லர். ஆயினும் நம் நாட்டில் இருபத்து நான்கு ஆண்டுகள் அரசாங்க உத்தியோகம் பார்த்து, நம் நாட்டு மண் நடுங்கிய நடுக்கத்தைக் கொண்டே பூமியின் உட்புறம் எத்தகையது என்பதை உலகினர்க்கு அறிவித்தவர். அவரே ரிச்சர்டு டிக்சன் ஓல்டம் என்னும் பெரியார்.

நம் காலனியில் நாகப்பட்டினம், கடலூர் பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பங்கள் பல உள. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் அக்கரையில் நிகழ்ந்த கொடுமையை அவர்கள் மறக்க இயலாது. அத்தகைய நிகழ்ச்சிக்கு ஒரு முன்னடையாளம் நூற்று இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே வங்கக் கடலில் தோன்றி, பதிவேட்டிலும் ஏறியிருந்தது. அதனை ஆராய்ந்து எழுதியவர்களுள் ஓல்டமும் ஒருவர். ஆதலின் அவருடைய வாழ்க்கை நம்மோடும் தொடர்புடையதே ஆகும்.

தந்தையும் மைந்தரும்

ஓல்டம் 1858-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் ஓல்டம், 1851-இல் கல்கத்தா வந்து இந்திய பூகர்ப்ப ஆய்வு இலாகாவை நிறுவி, 1876 வரையில் அதன் தலைவராக இருந்தவர். நிலக்கரி எங்கே கிடைக்கும், எந்தப் பாறை எந்தக் காலத்தது என்று நாடெங்கும் ஆட்களை அனுப்பி ஆராயச் செய்தவர் அவரே.

மைந்தர் ரக்பி பள்ளியிலும், பின்னர் இலண்டன் மாநகரிலுள்ள அரசாங்கச் சுரங்கக் கல்லூரியிலும் பயின்றார். தந்தையார் 1878-இல் காலமானார். மறு ஆண்டே, தமது இருபத்தோராம் பிராயத்தில், தந்தையார் வளர்த்த அதே இலாகாவில் மைந்தர் உத்தியோகத்தில் அமர்ந்தார்.

தாமஸ் ஓல்டம் இரண்டு வேலைகளை முடிக்காமல் விட்டுச் சென்றிருந்தார். ஒன்று, 1869-ஆம் ஆண்டு ஜனவரியில் காச்சார் பகுதியை உலுக்கிய பூகம்பத்தைப் பற்றிய அறிக்கை. மற்றொன்று, இந்தியாவில் அதுவரை நிகழ்ந்த பூகம்பங்கள் அனைத்தையும் தேதி வாரியாகத் தொகுத்த பட்டியல். மைந்தர் அக்காகிதங்களை எடுத்து ஒழுங்குபடுத்தி, 1882-லும் 1883-லும் தந்தையார் பெயராலேயே அச்சேற்றினார். தந்தைக்கு ஆற்றும் கடன் என்று நம் முன்னோர் போற்றிய பண்பை அயல்நாட்டார் ஒருவரிடத்திலும் காண்கின்றோம். அக்கடனைத் தீர்க்கப் புகுந்தவருக்கு அதுவே வாழ்நாட் பணியாகவும் அமைந்தது.

வங்கக் கடலின் அடியில்

1881-ஆம் ஆண்டு மைசூர்வாசிகளுக்கு நினைவிருக்க வேண்டிய ஆண்டாகும். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேதான் மைசூர் இராஜ்யம் ஆங்கிலேயர் நேரடி ஆட்சியினின்று மீண்டு, சாமராஜேந்திர உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டின் கடைசி நாளாகிய டிசம்பர் 31 அன்று காலையில், அந்தமான், நிக்கோபார் தீவுகளை அடுத்து வங்கக் கடலின் அடியில் பெரியதொரு பூகம்பம் உண்டாயிற்று. கடலுக்கு இப்பால் சென்னை நகரத்திலும் மக்கள் அந்நடுக்கத்தை உணர்ந்தனர்.

அக்காலத்தில் நம் நாட்டுத் துறைமுகங்களில் நீர்மட்டத்தைத் தானே எழுதும் கருவிகளை நில அளவை இலாகாவினர் வைத்திருந்தனர். கடலோடு தொடர்புடைய கிணறு ஒன்றில் மிதவை மிதக்கும். அது ஏறி இறங்குவதற்கு ஏற்ப, கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தின்மேல் பென்சில் கோடு இழுக்கும். பொங்குமுகமும் வற்றுமுகமும் அறிந்து கப்பல்களுக்கு உதவுவதே அவற்றின் நோக்கம். அன்றோ, சென்னை, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம், போர்ட்பிளேர் உள்ளிட்ட எட்டு இடங்களில் பென்சில் வழக்கமில்லாத கோடுகளை வரைந்தது. கடலடியில் நிலம் அசைந்ததால் எழுந்த அலை வங்கக் கடல் முழுவதும் பரவியிருந்தது. அதிகமாக எழுந்த இடத்திலும் அது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர்தான்; மூன்றடிக்கும் குறைவு. ஆதலின் பெருஞ்சேதம் விளையவில்லை.

அவ்வளவு சிறிய அலையை யாரும் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். இளைஞராகிய ஓல்டம் அவ்வாறு விடவில்லை. நடுக்கம் உணரப்பட்ட நேரங்களைத் திரட்டி ஆராய்ந்து, 1884-இல் அப்பூகம்பத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வெளியிட்டார். அந்தமான் தீவுகளின் பாறைகளைக் குறித்தும் அடுத்த ஆண்டில் எழுதினார். அக்காகிதக் கோடுகள் அழியாமல் இருந்தமையால், 2003-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அவற்றை மீண்டும் கணக்கிட்டு, அப்பூகம்பத்தின் அளவு ஏறத்தாழ 7.9 என்றும், கார்நிக்கோபார்த் தீவே சிறிது மேலே உயர்ந்தது என்றும் நிறுவினர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே பெருங்கடற்கோள் வந்தது.

அசாம் பூகம்பம்

1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மாலை ஐந்தேகால் மணி அளவில் அசாம் பிரதேசத்தில் நிகழ்ந்த பூகம்பமே ஓல்டத்தின் பெயரை உலகறியச் செய்தது. ஷில்லாங் நகரிலிருந்த கற்கட்டிடங்கள் யாவும் தரைமட்டமாயின. ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். இருப்புப் பாதைகள் பாம்பு நெளிவதுபோல் வளைந்து கிடந்தன. தரையிற் பதிந்திருந்த கற்கள் குழியை விட்டு மேலே எறியப்பட்டிருந்தன. எறியப்பட்ட கல் குழியின் ஓரத்தைச் சிதைக்காமல் வெளியே கிடந்ததைக் கண்ட ஓல்டம், நிலத்தின் உதைப்பு பொருள்களின் எடையையும் வென்றுவிட்டது என்று முடிவு செய்தார்.

அவரும் சக உத்தியோகஸ்தர்களும் மலையும் சதுப்புமான அப்பிரதேசத்தைச் சுற்றிப் பார்த்தனர். நிலம் பிளந்து ஒரு பக்கம் முப்பதடிக்கு மேல் உயர்ந்து நின்ற இடத்தையும் கண்டு அளந்தனர். அவ்வளவோடு நில்லாமல், நாடெங்கும் இருந்து செய்திகளைத் திரட்டினார் ஓல்டம். நடுக்கம் எப்பொழுது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்பொருள்கள் விழுந்தன என்ற விவரங்கள் மாவட்ட அதிகாரிகள், தேயிலைத் தோட்டக்காரர்கள், தந்தி நிலையத்தார், ரயில் நிலையத்தார் முதலியோரிடமிருந்து வந்து குவிந்தன.

இவற்றுள் நேரம் என்பதே மிகவும் அரிய விவரம். அக்காலத்தில் ஊருக்கு ஒரு நேரம் வழங்கியது. ஆனால் ரயில்வேக்கள் பொதுவாக மதராஸ் நேரத்தை அனுசரித்தன; சென்னை வான ஆராய்ச்சிக் கூடத்துக் கடிகாரமே அதற்கு ஆதாரம். ரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு இச்செய்தி பெருமை தருவதாகும். ஸ்டேஷன் கடிகாரத்தைச் சரியாக வைத்து, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதி அனுப்பும் ஊழியர் எங்கெல்லாம் இருந்தனரோ அங்கெல்லாம் ஓல்டத்தின் கணக்குக்கு உறுதி கிடைத்தது.

1899-இல் அவருடைய அறிக்கை இலாகா வெளியீடாக வந்தது. ஒரு பூகம்பத்தை இவ்வளவு விரிவாக ஆராய்ந்த நூல் அதற்கு முன் மிக அரிது. நூறாண்டு கழித்து, 2001-இல், பழைய நில அளவைக் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்த அறிஞர்கள், மேகாலயப் பீடபூமியின் வட விளிம்பில் மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் பிளவே அப்பூகம்பத்துக்குக் காரணம் என்று கண்டு, அதற்கு ஓல்டம் பிளவு என்றே பெயரிட்டனர்.

இரண்டு அலைகள்

அசாமில் நிலம் நடுங்கிய சிறிது நேரத்துக்குள், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இத்தாலி முதலிய ஐரோப்பிய நாடுகளில் இருந்த நிலநடுக்கமானிகளின் முள்கள் அசைந்தன. அக்கருவிகள் எழுதிய கோடுகளை வரவழைத்து ஓல்டம் நோக்கினார். முதலில் ஓர் அசைவு. இடைவெளிக்குப் பின் மற்றோர் அசைவு. அதற்கும் பின்னர் நெடிய பேரசைவு. முதல் இரண்டும் பூமியின் உள்ளே ஊடுருவி வந்த இருவகை அலைகள் என்றும், மூன்றாவது பூமியின் மேற்பரப்பை ஒட்டிச் சுற்றி வந்த அலை என்றும் அவர் பகுத்துரைத்தார். ஏட்டளவில் அறிஞர் எதிர்பார்த்திருந்ததை மெய்யான பூகம்பத்தின் பதிவுகளில் தெளிவாகக் காட்டியவர் அவரே.

முதல் அலையில் பாறை முன்னும் பின்னும் நெருக்குண்டு விரியும். ரயில் வண்டி கிளம்பும்போது ஒரு பெட்டி அடுத்த பெட்டியை இடிக்க, அவ்விடி கடைசிப் பெட்டி வரை செல்வது போன்றது அது. இரண்டாம் அலையில் பாறை பக்கவாட்டில் அசையும். கயிற்றின் ஒரு நுனியை உதறினால் நெளிவு ஓடுவது போன்றது. பூமியின் மேலோட்டில் முன்னது வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்லும். பின்னது மூன்றரை கிலோமீட்டர்தான் செல்லும்.

இதனால் விளையும் பயனை நம் காலனிச் சிறுவர்களும் அறியலாம். எக்ஸ்பிரஸ் வண்டியும் கூட்ஸ் வண்டியும் ஒரே ஸ்டேஷனிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு தண்டவாளங்களில் புறப்பட்டதாகக் கொள்வோம். அருகிலுள்ள ஊருக்கு இரண்டும் சிறிது முன்பின்னாக வந்து சேரும். தொலைவு செல்லச் செல்ல இடைவெளி பெருகும். வேகங்கள் தெரியுமானால், இடைவெளியைக் கொண்டே புறப்பட்ட இடம் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுவிடலாம். இன்று உலகில் எங்கே பூகம்பம் நிகழ்ந்தாலும் சில நிமிடங்களில் இடத்தைக் குறித்துவிடும் முறைக்கு இக்கணக்கே அடிப்படை.

அசாம் பூகம்பத்தின் பயனாக நம் நாட்டிலும் நிலநடுக்கமானிகளை வைக்க அரசாங்கம் முற்பட்டது. 1898-இல் கல்கத்தா அலிப்பூரில் முதற்கருவி அமைந்தது. பம்பாயிலும் தமிழ்நாட்டுக் கொடைக்கானல் மலையிலும் அடுத்தடுத்து அமைந்தன.

பூமியின் உட்கரு

உடல் நலம் குன்றியமையால் ஓல்டம் 1903-இல் உத்தியோகத்தினின்று விலகித் தாய்நாடு திரும்பினார். பெரும்பாலோர் பென்ஷன் பெற்று இளைப்பாறும் அந்நிலையில்தான் அவருடைய மிகச் சிறந்த கண்டுபிடிப்பு பிறந்தது.

மனிதன் பூமிக்குள் இறங்கியது எவ்வளவு ஆழம்? நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார்த் தங்கவயல், 2001-இல் மூடப்படும் முன்னர் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்திருந்தது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. பூமியின் நடுப்புள்ளியோ 6,370 கிலோமீட்டர் கீழே உள்ளது. கோலாரின் ஆழம் அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மண்வெட்டியாலும் துளைக்கருவியாலும் அறிய முடியாத அந்த மிச்சத்தைப் பூகம்ப அலைகளைக் கொண்டு அறியலாம் என்று ஓல்டம் துணிந்தார்.

பல பூகம்பங்களின் பதிவுகளை ஒப்பிட்டு நோக்குங்கால், பூமியின் மறுபுறத்தை நெருங்கும் தொலைவுகளில் இரண்டாம் அலை எதிர்பார்த்த நேரத்துக்குப் பல நிமிடங்கள் பிந்துவதைக் கண்டார். அத்தொலைவுக்குச் செல்லும் அலை பூமியின் நடுப்பகுதியை ஊடுருவிச் செல்ல வேண்டும். ஆகவே நடுப்பகுதி சுற்றியுள்ள பாறையினின்று வேறான பொருளால் ஆயது என்று முடிவு கட்டி, 1906-இல் இலண்டன் பூகர்ப்பச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். பூமிக்கு ஓர் உட்கரு உண்டு என்பதற்குக் கிடைத்த முதற் சான்று அதுவே.

பின்வந்தோர் அதனைத் திருத்தி வளர்த்தனர். உட்கரு 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று கூட்டன்பர்க்கு என்னும் ஜெர்மானியர் கணக்கிட்டார். அது உருகிய நிலையில் உள்ளது என்று 1926-இல் ஜெப்ரீஸ் என்பவர் நிலைநாட்டினார். அவ்வுருகிய கோளத்துக்குள்ளும் ஒரு திண்ணிய கரு உண்டு என்பதை 1936-இல் டென்மார்க்கு நாட்டு இங்கே லேமன் அம்மையார் கண்டார். ஓல்டம் காலமானதும் அதே 1936-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாளாகும்.

ஆழ்ந்த நடுக்கங்கள்

பூகம்பம் எவ்வளவு ஆழத்தில் பிறக்கிறது என்னும் வினா ஓல்டத்தை முதுமையிலும் விடவில்லை. அறுபத்தேழு வயதைக் கடந்த நிலையில், 1926-இல், அதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1928-இல், ஜப்பான் நாட்டு வாடாட்டி என்னும் இளைஞர் வியத்தகு விடை கண்டார்.

வாடாட்டி கையாண்டதும் ஓல்டம் பிரித்துக் காட்டிய இரண்டு அலைகளின் இடைவெளியே. சில பூகம்பங்களில், நடுக்கத்துக்கு நேர் மேலே இருந்த நிலையத்திலும் இரண்டு அலைகளுக்கும் இடையே முப்பது நாற்பது வினாடி கழிந்திருந்தது. மேற்பரப்புக்கு அருகில் பிறந்த பூகம்பமாயின் அங்கே இரண்டும் அடுத்தடுத்து வந்திருக்க வேண்டும். வண்டிகள் தொலைவிலிருந்து வந்திருக்கின்றன. அத்தொலைவு கிழக்கிலோ மேற்கிலோ இல்லை. எனவே அது காலுக்குக் கீழேதான் இருத்தல் வேண்டும். இவ்வாறு 300 கிலோமீட்டருக்கும் கீழே பிறக்கும் பூகம்பங்கள் உண்டு என்பது உறுதியாயிற்று. ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வரை அவை நிகழ்வதை இன்று அறிகின்றோம். கடல்தளமாகிய குளிர்ந்த பாறைத் தட்டு, பசிபிக் சமுத்திரத்தின் ஓரங்களில் சாய்வாக உள்ளே அமிழ்ந்து செல்கிறது. அத்தட்டின் ஆழ்ந்த பகுதியிலேதான் அவை பிறக்கின்றன.

அவற்றின் வலிமை பெரிது. 2013-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் ஓகோட்ஸ்க் கடலின் அடியில், 609 கிலோமீட்டர் ஆழத்தில், 8.3 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. வெகு தொலைவிலுள்ள மாஸ்கோ நகரிலும் அதனை உணர்ந்தனர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் பிஜித் தீவுகளை அடுத்த கடலின் அடியில், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஆழத்தில், 8.2 அளவுள்ள நடுக்கம் உண்டாயிற்று. இவ்விரண்டும் கரைநாடுகளைப் பாழாக்கும் பேரலையை எழுப்பவில்லை. பல நூறு கிலோமீட்டர் கீழே பாறை அசைந்தாலும், கடலின் தரை போதிய அளவு உயர்வதில்லை. தரை உயராமல் நீர் உயராது.

2004-ஆம் ஆண்டின் கதை வேறு. சுமத்திராத் தீவை அடுத்துத் தொடங்கிய அந்தப் பிளவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆழத்திலேயே பிறந்து, அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் நீளம் ஓடிற்று. அளவோ 9.1. கடலின் தரையே உயர்ந்து தாழ்ந்தது. ஆதலின், கடலடியில் பூகம்பம் என்ற செய்தி வந்தவுடன் அதன் வலிமையோடு ஆழத்தையும் கேட்டறிதல் வேண்டும். மேலோட்டில் பிறந்ததா, ஆழ்ந்து பிறந்ததா என்பதில் பல்லாயிரம் உயிர்கள் அடங்கியுள்ளன.

ஏடு இருந்தும் எச்சரிக்கை இல்லை

அன்று நம் நாட்டு நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்துக்குப் பூமி நடுங்கியது. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கரையில் இருந்தோர் ஒரு மைல் உள்ளே நடந்து செல்ல அந்நேரம் போதும். ஆயினும் சொல்வார் இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர். மீன்பிடிக்கும் குப்பங்களில் குழந்தைகளும் பெண்களுமே மிகுதியாக மடிந்தனர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் கலங்குகின்றது.

அந்தமான் கடலடியில் நிலம் அசைந்தால் நாகைக் கரையில் அலை எழும் என்பதற்கு 1881-ஆம் ஆண்டின் காகிதக் கோடே சாட்சியாக இருந்தது. எழுதியவர் கடமையைச் செய்தனர், காத்தவர் கடமையைச் செய்தனர், ஆராய்ந்தவரும் செய்தனர். அதனை எடுத்துப் படித்து, ஆவன செய்ய வேண்டியவர் வரிசையிலேதான் இடம் காலியாக இருந்தது. பெருந்துயருக்குப் பின்னரே, 2007-இல், ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அமைந்தது. கடலடிப் பூகம்பத்தின் இடத்தையும் ஆழத்தையும் வலிமையையும் சில நிமிடங்களில் கணித்து அது செய்தி அனுப்புகின்றது. அக்கணிப்பின் வேரில் ஓல்டத்தின் இரண்டு அலைகள் இருக்கின்றன.

நாம் வாழும் மைசூர் பழம்பாறைப் பீடபூமியின்மேல் அமைந்தது, கடலும் தொலைவு. எனினும் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிறந்த பூகம்பம் தென்னாட்டின் பெரும்பகுதியை அசைத்தது. நடுக்கமே வாராத இடம் என்று எதனையும் உறுதியாகக் கூறுதல் இயலாது. விடுமுறைக்குக் கடற்கரை ஊர்களுக்குச் செல்லும் நம் குடும்பத்தார், நிலம் நெடுநேரம் அசைந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நில்லாமல் குழந்தைகளுடன் மேட்டு நிலத்துக்கு விரைந்து சென்றுவிட வேண்டும். இதனைத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நலம்.

ஓல்டத்தைத் தேடிச் சிறப்புகள் வந்தன. 1908-இல் இலண்டன் பூகர்ப்பச் சங்கத்தின் லயல் பதக்கம் கிடைத்தது. 1911-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1920 முதல் 1922 வரை பூகர்ப்பச் சங்கத்தின் தலைவராக வீற்றிருந்தார். ஆயினும் அவருடைய பெருமை பதக்கத்தில் இல்லை என்பது எம் கருத்து. அவர் ஓர் இலாகா உத்தியோகஸ்தர். கடிதம் எழுதிக் கேட்டவர். வந்த பதிலைக் கோப்பில் வைத்தவர். ஒரு நிமிடப் பிழையையும் தள்ளாமல் ஆராய்ந்தவர். யாரோ ஒரு துறைமுக ஊழியரும் யாரோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டரும் உண்மையாக எழுதிய எண்களின்மேல் நின்றுதான் அவர் பூமியின் நெஞ்சை எட்டிப் பார்த்தார்.

நம்மிற் பலர் பதிவேடுகளோடு காலம் கழிப்பவர்கள். இன்று நாம் எழுதும் ஒரு வரி எவருக்கு எப்பொழுது பயன்படும் என்பதை நாம் அறியோம். சரியாக எழுதுதல் நம் கடன். எழுதியதை எடுத்துப் படித்தல் நம் பிள்ளைகளின் கடன். அவர்களுள் ஒருவரேனும் நிலநூல் பயின்று, வங்கக் கடலின் அடியை ஆராயும் அறிஞராக விளங்க வேண்டும் என்று எல்லாம் வல்ல இறைவனை வேண்டி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!